பிஷ்ணுபூரின் சங்கு வீதி

கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் பொழுது சாய்ந்து விளக்கேற்றும் வேளை வந்ததும் ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து சங்கு முழங்கும். அது அடங்குமுன் எதிர்வரிசையில் மற்றொன்று எழும். வங்க இல்லங்களில் மாலைதோறும் குலமகளிர் துளசி மாடத்தில் அகல் ஏற்றி மும்முறை சங்கூதுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். திருமணமாயினும், குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் நாளாயினும், துர்க்கா பூசையாயினும் சங்கொலியின்றி நடைபெறாது. நில நடுக்கம் கண்டாற்கூட இவர்கள் சங்கைத் தேடி எடுத்து ஊதுவர்; மகளிர் குலவையிடுவர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று தட்டும் மணியும் ஒலித்தார்கள் அல்லவா? எங்கள் தெருவில் அன்று தட்டொலியைச் சங்கொலி விழுங்கிவிட்டது.

நம் நாட்டிலோ சங்குக்கு வேறொரு கதை உண்டு. கோயிலில் அது மங்கலம். தெருவில் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். சேகண்டியும் சங்கும் சேர்ந்து ஒலித்தால் ஊரில் ஒருவர் மறைந்தார் என்பது பொருள். ‘அவனுக்குச் சங்கு ஊதியாயிற்று’ என்று நாம் சொல்லும்போது திருமணத்தை நினைத்துச் சொல்வதில்லை. பட்டினத்தார் பெயரால் வழங்கும் ஒரு பாடல் மனிதனுடைய வாழ்வையே மூன்று சங்குகளாக எண்ணிவிடுகிறது. பால் புகட்டும் சங்கு ஒன்று, மணக்கோலத்துச் சங்கு ஒன்று, இறுதியில் ஊதும் சங்கு ஒன்று. இவற்றுள் கடைச்சங்கே நம் செவியில் நிலைத்துவிட்டது.

சங்கத்தின் இதழில் சங்கத்தைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு இந்தச் சிலேடை காரணமன்று. எங்கள் வீட்டில் இது ஒரு வழக்காகவே மூண்டது. தந்தையார் காலமான மூன்றாம் திங்களில் என் தாயார் திருநெல்வேலிச் சீமையை விட்டு எங்களோடு வந்து தங்கினார். வந்த அன்று மாலை சங்கொலி கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஏ ஐயா, பக்கத்து வீட்டிலே யாரு தவறிட்டாக?” என்று கேட்டார். நான் இவ்வூர் வழக்கத்தை விளக்கினேன். அம்மா தலையசைத்துக்கொண்டார். ஆயினும் மறுநாள் முதல் ஐந்து மணிக்கே சன்னல் கதவுகளைச் சாத்தத் தொடங்கினார். கோடைப் புழுக்கத்திலும் சாத்தினார்.

எட்டு வயதான என் மகளுக்கு எதிர்வீட்டு மாசிமாவிடம் மிகுந்த ஒட்டுதல். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் அச்சொல்லால் வங்கப் பிள்ளைகள் தெருவிலுள்ள மூத்த பெண்டிரையெல்லாம் அழைப்பார்கள். அந்த அம்மையாரிடம் குழந்தை சங்கூதக் கற்றுக்கொண்டாள். கன்னத்தை உப்பி ஊதினால் காற்றுத்தான் வரும். உதடுகளை இறுக்கி, அவை அதிருமாறு ஊதினால்தான் ஒலி எழும் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. பெருமையோடு இரவல் சங்கை எடுத்து வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று ஊதினாள். அன்றிரவு அம்மா உண்ணவில்லை. குழந்தையைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் வருத்தமாயிற்று. யார் பக்கம் பேசுவதென்று என் மனைவி கலங்கினாள். வேற்று மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய மாலைப் பொழுதுகள் எத்தனை என்பதை இவ்விதழின் அன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் தை மாதத்து விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு பிஷ்ணுபூருக்குச் சென்று வந்தோம். கோயில்களைக் காண்பதுதான் எண்ணம். சங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கரக்பூரிலிருந்து ஆத்ரா செல்லும் தடத்தில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் பிஷ்ணுபூர் உள்ளது. ஹௌராவிலிருந்து வருவோர்க்கு 200 கிலோமீட்டர் ஆகும். மேதினிபூரைக் கடந்ததும் கங்கைச் சமவெளியின் வயலும் குளமும் பின்தங்கிவிடுகின்றன. சால்போனி, சந்திரகோணா ரோடு, கட்பேட்டா என்று நிலையங்கள் செல்லச் செல்ல மண் சிவந்துகொண்டே போகிறது. இருமருங்கும் சால மரக் காடு. “நம்ம தேரிக்காட்டு மண்ணு மாதிரியில்லா இருக்கு!” என்று அம்மா வண்டிச் சன்னலோரம் அமர்ந்து சொன்னார். வங்கத்துக்கு வந்த பின் அவர் வியந்து பேசிய முதல் வார்த்தை அது.

விஷ்ணுபுரம் என்பதே வங்க நாவில் பிஷ்ணுபூர் ஆயிற்று. மல்ல மன்னர்களின் தலைநகர் இது. பீர் ஹம்பீர் என்னும் மன்னர் சீனிவாச ஆசாரியர் என்ற வைணவப் பெரியாரின் அருளுரைக்கு ஆட்பட்ட பின்னர் நகரம் முழுவதும் கண்ணன் கோயில்களாயிற்று. இப்பகுதியில் கட்டடத்துக்கேற்ற கல் அரிது; ஆதலின் செங்கல்லையும் சுட்ட மண் பலகைகளையும் கொண்டே கோயில் எழுப்பினார்கள். 1600இல் எழுந்த இராசமஞ்சம், 1643இல் எழுந்த சியாமராயர் கோயில், 1655இல் எழுந்த ஜோட்-பங்களா, 1694இல் எழுந்த மதனமோகனர் கோயில் ஆகிய நான்கையும் கண்டோம். இரு குடிசைகளை ஒட்ட வைத்தாற்போன்ற ஜோட்-பங்களாவின் சுவரில் விரல் வைக்க இடமின்றிச் சிற்பங்கள். இவற்றைப் பற்றி எழுதியவர் பலர் உளர். நான் சொல்ல வந்தது கோயில்களுக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு குறுகிய வீதியைப் பற்றியதாகும்.

டோட்டோக்காரர் எங்களை அங்கே இறக்கிவிட்டபோது முதலில் காதில் விழுந்தது அறுக்கும் ஓசை. இருபுறமும் தாழ்ந்த வீடுகள். திண்ணையிலே கடை, உள்ளே பட்டறை. தெருவின் ஓரமெங்கும் வெண்தூள் படிந்து, மாக்கோலம் கலைந்த முற்றம் போலத் தோன்றியது. இது சாங்காரிகள் என வழங்கும் சங்கறுப்போர் வாழும் வீதி. வங்கப் பெண்கள் மணநாள் முதல் கையில் அணியும் வெண்சங்கு வளையை அறுப்பது இவர்களுடைய குலத்தொழில். நமக்குத் தாலி எப்படியோ அப்படி அவர்களுக்குச் சாங்கா என்னும் அவ்வளை. சிவந்த பவழ வளையும் இரும்புக் காப்பும் அதற்குத் துணை.

முற்காலத்தில் பிறைமதி போன்ற பெரிய கைரம்பத்தால் சங்கை அறுத்தார்கள். போகும்போதும் வரும்போதும் அறுக்கும் இயல்புடையது அந்த வாள். ‘சாங்கேர் கராத்’, அதாவது சங்கு அறுக்கும் வாள், என்றே வங்காளத்தில் ஒரு பழமொழி உண்டு. இருதலைக் கொள்ளி எறும்பு என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் அதைச் சொல்கிறார்கள். என் மனைவிக்கு அப்பழமொழியை நான் மொழிபெயர்த்துச் சொல்லியபோது அவள் அம்மாவையும் குழந்தையையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இக்காலத்தில் மின்விசையால் சுழலும் வட்ட வாள் வந்துவிட்டது. பழைய வாள் ஒன்றை மட்டும் ஒரு பட்டறையில் சுவரில் மாட்டிப் பூச்சூட்டி வைத்திருந்தார்கள்.

அந்தப் பட்டறைக்காரர் முதியவர். வளை அறுப்பதை மகனிடம் விட்டுவிட்டுச் சங்கின்மேல் உருவம் செதுக்கும் வேலையை மட்டும் செய்கிறார். காரிகர் என்றே அவரை அழைத்தோம். உள்ளே வரலாமா என்று கேட்டதும் பாய் விரித்தார். என் வங்கமொழி கணக்கு மேசையில் கற்றதாகையால் இலக்கணப் பிழை மலிந்தது, அவர் பொறுத்துக்கொண்டார்.

கடலிலிருந்து வரும் சங்கு நாம் பூசையறையில் காண்பதுபோல் வெண்மையாக இருப்பதில்லை. பழுப்பு நிறத் தோல் ஒன்று அதைப் போர்த்தியிருக்கும். அமிலம் கலந்த நீரில் தோய்த்துத் தேய்த்து அதைப் போக்குகிறார்கள். பிறகு சங்கின் கதி தீர்மானிக்கப்படுகிறது. வளைக்கு ஏற்றது வளைக்குப் போகும். வாய் அகன்று, சுவர் பருத்து, வெடிப்பின்றி இருப்பது ஊதுவதற்கு ஒதுக்கப்படும். அதன் உச்சியைச் சிறிதே வெட்டித் துளையிடுவார்கள். உச்சி வெட்டப்படாமல் முழுமையாக விடப்படுவது நீர்ச் சங்கு. ஊதுகின்ற சங்கில் பூசைக்கு நீர் வைக்கலாகாது. நீர் வைக்கும் சங்கை வாயில் வைக்கலாகாது. எச்சில் பட்டது, படாதது என்னும் வேறுபாடு வங்கத்திலும் இருப்பதைக் கண்டு அம்மாவுக்கு ஒரு நிறைவு.

செதுக்குவதற்கு முன் காரிகர் பென்சிலால் சங்கின்மேல் படம் வரைந்துகொள்கிறார். பின்னர் அரமும் சிற்றுளியும், இந்நாளில் மின்துளைக் கருவியும் வேலை செய்கின்றன. சங்கின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருப்பதில்லை. தோளில் பருத்திருக்கும், உதட்டோரம் மெலிந்திருக்கும். எங்கே எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதை விரலால் தட்டிக் கேட்டே அறிகிறார். ஓரிடத்தில் உளி மறுபுறம் போய்விட்டால் அதன் பின் அது ஊதும் சங்காகாது; மூச்சு அவ்வழியே கசிந்துவிடும். ஆகவே ஊதும் சங்கில் மேலோட்டமான கொடியும் தாமரையுமே செய்கிறார். ஆழ்ந்த உருவங்களை நீர்ச் சங்கிலும், காட்சிக்காக வாங்குவோர் சங்கிலும் செய்கிறார். இதைக் கேட்டபோது ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. அலங்காரம் மிகுந்த சங்கைக் கண்டால் அது ஒலிக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். ஒலிக்காத சங்கில் எத்தனை தெய்வங்கள் குடியேறினாலும் எனக்கு அதில் அவ்வளவு மனம் செல்வதில்லை.

ஆயினும் அவர் கையிலிருந்த தசாவதாரச் சங்கைப் பழிக்க என்னால் இயலாது. பத்து அவதாரங்களும் சங்கின் திருகலைப் பின்பற்றிச் சுற்றிச் செல்கின்றன. உச்சிக்கு அருகே மீன் வடிவம். திருமால் மீனாக வந்ததும் சங்கோடு தொடர்புடைய கதையே என்றார். மறைகளைக் களவாடிய சங்காசுரன் கடலடியில் சங்கினுள் ஒளிந்தான். அவனை அழித்து மறைகளை மீட்டதே முதல் அவதாரம் என்பது ஒரு மரபு. கண்ணனுடைய பாஞ்சசன்னியமும் அத்தகையதே. கடலில் வாழ்ந்த பஞ்சசனன் என்னும் அசுரனைக் கொன்று, ஆசிரியர் சாந்தீபனியின் மைந்தனைத் தேடிச் சென்றபோது கண்ணன் கைக்கொண்டது அது. துளசியின் கணவனான சங்கசூடனைச் சிவபெருமான் வதைத்தபோது அவன் எலும்புகளே சங்குகளாயின என்று மற்றொரு புராணம் கூறும். மூன்று கதைகளிலும் ஒரு கொலை இருக்கிறது. மூன்றிலும் கொல்லப்பட்டவனின் எச்சம் தெய்வத்தின் கைக்கு உயர்கிறது. சங்கு என்பது இறந்துபோன ஓர் உயிரின் கூடுதானே. அதை எடுத்து மூச்சு ஊட்டினால் ஓங்காரம் எழுகிறது என்று நம் பெரியோர் கண்டதில் வியப்பில்லை. மங்கலம், அமங்கலம் என்று நாம் பிரித்துக்கொள்ளுமுன் இரண்டும் அதனுள்ளே இருந்திருக்கின்றன.

சிவபுராணம் சங்கசூடன் கதையைச் சொல்லி, சங்கு நீர் எல்லாத் தேவர்க்கும் உகந்தது, சிவனுக்கு மட்டும் ஆகாது என்று விதிக்கிறது. காரிகர் இதைச் சொல்லக் கேட்டு நான் பெயர்த்துரைத்தேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “சிவனுக்கு ஆகாதா? எங்க ஊரிலே கார்த்திகைச் சோமவாரத்துக்கு ஆயிரத்தெட்டுச் சங்கு அடுக்கில்லா அபிஷேகம் பண்ணுதாக! நடுவிலே வலம்புரி வைப்பாக. அவர்கிட்டே சொல்லு” என்றார். சொன்னேன். ஆயிரத்தெட்டா என்று காரிகர் இருமுறை கேட்டார். நெல்லைப் பரப்பி, அதன்மேல் சங்குகளை வரிசை வரிசையாக அடுக்கி, நீர் நிரப்பிப் பூவிட்டுப் பூசிக்கும் முறையை அம்மா கைகளால் காட்டி விளக்கினார். இழவுச் சங்கு ஒன்றையே நெஞ்சில் சுமந்து வந்தவர், தம் ஊரில் ஆயிரத்தெட்டு மங்கலச் சங்குகள் இருப்பதைத் தம் வாயாலேயே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிடவில்லை.

தென்னாட்டு ஊது சங்குகளின் அணி வேறுவகை. நாம் சங்கின் உடலைச் செதுக்குவது குறைவு; பித்தளையாலும் வெள்ளியாலும் பூண் கட்டுகிறோம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமம் தரித்து வாசலுக்கு வரும் தாதர்கள் கையில் சேகண்டியோடு அத்தகைய சங்கை நம் தலைமுறையினர் சிலரேனும் கண்டிருப்பர். கன்னட நாட்டுத் தாசய்யாக்களிடமும் அது உண்டு. வெட்டிய உச்சி உதட்டைக் கீறாதிருக்க வாய்ப்பூண். மெல்லிய விளிம்பு உடையாதிருக்க ஓரத்தகடு. தோளில் மாட்டக் கயிறு கோக்க வளையம். இவை தேவையால் வந்தவை. தேவை வந்த பின்னர்க் கன்னார் கை சும்மா இருக்குமா? வாய்ப்பூண் மலர்ந்து தாமரையாயிற்று. தகடு யாளி முகமாகவும் மகர வாயாகவும் விரிந்தது. மகரமும் தாமரையும் சங்கைப் போலவே நீரில் பிறந்தவை. யாளி முகம் கோயில் வாயிலின்மேல் நின்று தீயதை விழுங்குவதுபோல் ஒலியின் வாயிலில் நின்று காக்கிறது.

டார்ஜிலிங்கில் பௌத்த மடங்களைக் காணச் சென்றவர்கள் இன்னொரு வகையைப் பார்த்திருக்கலாம். திபெத்தியர் தம் வெண்சங்குக்குப் பக்கவாட்டில் பறவையின் சிறகு போன்ற உலோகத் தகட்டைப் பொருத்தி, அதில் பவழமும் நீலப்பச்சைக் கல்லும் பதிக்கிறார்கள். அவர்களுடைய எட்டு மங்கலச் சின்னங்களில் வலம்புரிச் சங்கும் ஒன்று. கடலையே காணாத பனிமலை நாட்டில் கடலின் பிள்ளைக்கு இத்தனை சீர்!

இந்தச் சங்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று என் மகள்தான் கேட்டாள். காரிகர் மூலையில் கிடந்த சாக்கைக் காட்டி, “துத்திகோரின்” என்றார். தூத்துக்குடி!

அன்பர்களே, வளைக்கும் பூசைக்கும் உரிய இச்சங்கு எல்லாக் கடலிலும் விளைவதன்று. விலங்கியலார் டர்பினெல்லா பைரம் என்று குறிக்கும் இவ்வினம் நம் மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் இலங்கைக் கரையிலும் மிகுதி. கட்ச் வளைகுடாவிலும் கிடைக்கிறது. பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் இசுலாமியக் குளிப்பாளிகளும் மூச்சடக்கிக் கடலடியில் இறங்கிக் கையால் பொறுக்கிய பொருள் இது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சங்கு குளிப்பு ஆட்சியாளரின் உரிமையாக இருந்தது. குறித்த அளவுக்குச் சிறிய சங்குகளைத் துளையிட்ட பலகையால் அளந்து கழித்து, உயிரோடு கடலில் விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. தூத்துக்குடியில் முத்து, சங்கு குளிப்புகளை மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் 1914இல் சென்னை மீன்துறை வெளியீடாக இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

ஒரு காலத்தில் சங்கை அறுப்பதும் நம் நாட்டுத் தொழிலாகவே இருந்தது. மதுரைக்காஞ்சி மதுரை வீதியில் சங்கறுத்து வளை கடைவோரைக் காட்டுகிறது; அகநானூற்றிலும் சங்கறுப்போர் வருகின்றனர். நக்கீரரின் குலத்தொழில் சங்கறுப்பது என்பதை 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படம் பார்த்த எவரும் அறிவர். பின்னாளில் அத்தொழில் நம்மிடம் அருகிவிட்டது. அறுபடாத சங்கு மூட்டை மூட்டையாக வங்கம் சென்றது. டாக்கா நகரத்துச் சாங்காரி பஜார் அதன் பெருஞ்சந்தை. 1947இன் பிரிவினையும், 1971 மார்ச்சில் அவ்வீதி எரியுண்ட கொடுமையும் பல சாங்காரிக் குடும்பங்களை இப்பக்கம் விரட்டின. பராக்பூரில் சங்கவணிகர் குடியிருப்பு என்றே ஓரிடம் உண்டு. சங்கைத் தொடர்ந்து மக்களும் ஊர் பெயர்ந்தார்கள்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. சுவரில் பூச்சூட்டிய பழைய வாளைச் சுட்டி, அது யார் கொடுத்த வாள் என்று அம்மா கேட்டார். சாங்காரிகளின் குலகுரு அகத்திய முனிவராம். சங்காசுரனை அவர் இவ்வாளால்தான் அறுத்தார் என்பது இவர்களுடைய மரபு. நம் ஆவணியோடு ஒத்த பாத்ர மாதத்தின் கடைசியில் வேலையை நிறுத்தி, கருவிகளைக் கழுவி வைத்து, அகத்தியரை வழிபடுகிறார்கள். டாக்காவில் ஐந்து நாள் வாளைத் தொடாமல் இருந்தார்கள் என்று பழைய நூல்களும் குறிக்கின்றன.

“எந்த அகத்தியர்? நம்ம பொதிகை மலை அகத்தியரா?” என்றார் அம்மா. பாபநாசத்துக்கு மேற்கே தெரியும் அந்த மலையைப் பார்த்தபடி வாசல் தெளித்து வளர்ந்தவர் அவர். தெற்கே போய் அங்கேயே தங்கிவிட்ட முனிவர் என்று காரிகரும் சொன்னார். அம்மா எழுந்து சென்று அந்த வாளின் எதிரே நின்று கைகுவித்தார். தமிழுக்கு இலக்கணம் தந்தவராக நாம் போற்றும் முனிவரைச் சங்கறுப்போரின் முதல்வராக இங்கே காண்போம் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்று அம்மா உச்சி வெட்டாத சிறிய நீர்ச் சங்கொன்று வாங்கினார். கார்த்திகைச் சோமவாரத்துக்கு வேண்டுமென்றார். குழந்தை ஊதும் சங்கு கேட்டாள். எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அவர் சங்குகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடை பார்த்தார். “பிள்ளை ஊதட்டும். அவுக திதி அன்னைக்கு மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து திண்ணையில் அமர்ந்துகொண்டார். தாமரைக் கொடி செதுக்கிய ஒன்றை வாங்கினோம். இப்போது மாலையில் எங்கள் வீட்டிலும் சங்கு முழங்குகிறது. சில நாள்களில் சன்னல் திறந்திருக்கிறது. சில நாள்களில் சாத்தியிருக்கிறது. நாங்கள் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

பட்டறையை விட்டு வரும்போது ஒன்று மனத்தை உறுத்தியது. காரிகரின் மகன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வாளின் முன் அமர்ந்திருந்தார். தந்தைக்கு இருமல் ஓயவில்லை. நாள் முழுதும் மூச்சில் ஏறும் சங்குத்தூள் நுரையீரலை விடுவதில்லை. அதே தூள் அழகுப் பொருளுக்கும் மருந்துக்கும் விலைக்குப் போகிறது; நம் சித்த மருத்துவத்திலும் சங்கு பற்பம் உண்டு. பேரன் இத்தொழிலுக்கு வரமாட்டான், துர்க்காபூரில் வேலை தேடுகிறான் என்றார்கள். சந்தையில் நெகிழி வளை மலிந்துவிட்டது; தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது.

சங்கு வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வலம்புரி என்று சொல்லி ஏமாற்றுவோர் எல்லா ஊரிலும் உளர். வாய் நம்மை நோக்கவும், குறுகிய வால்முனை மேலேயும் திருகிய உச்சி கீழேயும் இருக்கவும் சங்கைப் பிடித்துப் பாருங்கள். வாய் இடப்புறம் இருந்தால் அது வழக்கமான இடம்புரி. வலப்புறம் இருந்தால் வலம்புரி. விலங்கியலார் உச்சியை மேலே வைத்துப் பார்ப்பதால் அவர்கள் நூலில் இது தலைகீழாக, வலம்புரியை இடப்பக்கம் சுழல்வதென்றே குறித்திருக்கும், குழம்ப வேண்டாம். நம் இனத்துச் சங்கில் உண்மையான வலம்புரி மிக மிக அரிது. ஆனால் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் வேறோர் இனத்துச் சங்கு உண்டு. அது பிறவியிலேயே அவ்வாறு சுழல்வது, அங்கே மிகச் சாதாரணம். அதையே இங்கே கொணர்ந்து பெருவிலைக்கு விற்கிறார்கள். வாயினுள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் தெரிந்தால் நம் சங்கு. தண்டு வழுவழுப்பாக இருந்தால் அயல் சரக்கு. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். காலிச் செம்பைக் காதில் வைத்தாலும் கேட்கும்.

பிஷ்ணுபூர் செல்வோர் மழைக்காலமும் கடுங்கோடையும் தவிர்த்துச் செல்க. அவ்வூரின் பாலுச்சரிப் பட்டும், 120 வட்டச் சீட்டுகளாலான தசாவதாரச் சீட்டுக்கட்டும் காணத்தக்கவை. சங்கு வீதியில் கடையோடு திரும்பிவிடாமல், பட்டறையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தூத்துக்குடிப் பக்கத்தார் என்று சொன்னால் பாய் விரிப்பார்கள்.